துறை தாண்டிப் படிப்பதும் ஆய்வதும்: வாசகர் கேள்வி – பதில்

ஒரு துறையில் சேர்ந்துவிட்டு இன்னொரு துறையின் வகுப்பில் போய் உட்காருவது, ஒரே ஆய்வேட்டுக்கு இரண்டு துறைகளின் பேராசிரியர்களிடம் நெறி பெறுவது ஆகியவை குறித்து வாசகர்களிடம் கேள்விகள் கேட்டிருந்தோம். வந்தவற்றில் ஒரே பொருளைத் தொட்டவற்றை ஒன்றாக்கிப் பதில் அளித்திருக்கிறேன். கேட்டவர்களின் பெயர்கள் வெளியிடப்படவில்லை.

கேள்வி: நான் இயற்பியல் முதுகலை மாணவன். உயிரியல் துறையில் இரண்டு பாடங்களை விருப்பப் பாடங்களாக எடுக்க நினைக்கிறேன். என் பேராசிரியரோ ‘அகல உழுவதைவிட ஆழ உழு’ என்று சொல்லித் தடுக்கிறார். அவர் பேச்சைக் கேட்பதா, என் ஆர்வத்தின் வழியில் போவதா?

பேராசிரியர் சொல்வதில் பாதிக்கு மேல் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு பாடங்களை மறுப்பதற்கு அது போதுமான காரணம் அல்ல. ஒரு துறையில் கை தேறியவரால்தான் இன்னொரு துறைக்கு எதையாவது கொண்டுபோக முடியும். இரண்டிலும் அறிமுகம் மட்டுமே உள்ளவரை இரு துறையினரும் மரியாதையாக நடத்துவார்களே தவிர, வேலையில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். ஆகவே இயற்பியலின் மையப் பாடங்களில் ஒன்றைக்கூட விட்டுக்கொடுக்காமல், விருப்பப் பாடங்களுக்கென ஒதுக்கப்பட்ட இடத்தில் மட்டுமே உயிரியலை எடுக்கப்போவதாக அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவருடைய அச்சம் அங்கேயே தணிந்துவிடும்.

இயற்பியலிலிருந்து உயிரியலுக்குப் போனவர்களைப் பற்றிப் பேசும்போது வெங்கி இராமகிருஷ்ணனைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1976இல் ஓஹையோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற அவர், 2009இல் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருடன் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டது, உயிரணுக்களில் புரதங்களை உருவாக்கும் ரைபோசோமின் கட்டமைப்பை ஆராய்ந்ததற்காக. இயற்பியல் படித்தவர் உயிரியல் பொருளை ஆராய்ந்து வேதியியல் பரிசு வாங்கினார் என்று மேடைகளில் வியந்து பேசுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, பலரும் தாண்டிப்போய்விடும் ஒரு விவரம். முனைவர் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே அவர் சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் உயிரியல் மாணவராக மறுபடியும் சேர்ந்து, இரண்டு ஆண்டுகள் அடிப்படையிலிருந்து பாடம் படித்தார். பல ஆண்டுகளுக்குப் பின், ஆய்வுக்குத் தேவைப்பட்டபோது, கேம்பிரிட்ஜுக்குப் போய் எக்ஸ் கதிர்ப் படிகவியலையும் அப்படியே கற்றுக்கொண்டார். உங்கள் பேராசிரியர் அஞ்சும் அகல உழவு இதுவல்ல; இரண்டாவது வயலிலும் ஆழ உழுதிருக்கிறார்.

‘சயின்ஸ்’ இதழில் 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வும் இங்கே நினைவுக்கு வருகிறது. 1 கோடியே 79 லட்சம் ஆய்வுக் கட்டுரைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் எந்தெந்த ஆய்விதழ்களைச் சேர்த்து மேற்கோள் காட்டுகிறது என்று பார்த்தார்கள். மிக அதிகம் கவனிக்கப்பட்ட கட்டுரைகளில் பெரும்பகுதி வழக்கமான சேர்க்கைகளாகவும், ஒரு சிறு பகுதி மட்டும் எவரும் எதிர்பாராத சேர்க்கையாகவும் இருந்தது. முழுக்க முழுக்கப் புதுமையான சேர்க்கைகளால் ஆன கட்டுரைகள் அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. இதைப் பேராசிரியரிடம் காட்டினால் அவரும் நீங்களும் ஒரே பக்கத்தில் நிற்பது தெரியவரும்.

பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பிற துறை மாணவர்களுக்கென்றே நடத்தப்படும் மேலோட்டமான அறிமுகப் பாடத்தைத் தவிர்த்துவிட்டு, உயிரியல் மாணவர்களே படிக்கும் அடிப்படைப் பாடத்தை, ஆய்வகத்தோடும் தேர்வோடும் சேர்த்து எடுங்கள். தேர்வு எழுதாமல் காதால் கேட்டுவிட்டு வரும் வகுப்பு, சொந்தத் துறையில் வேலை கூடக்கூடக் கைநழுவிப் போய்விடும். முதல் பருவத்தில் மதிப்பெண் சற்றுக் குறையலாம். அது உங்கள் மொத்த மதிப்பெண்ணில் சேருமா, சேராதா என்பதைப் பதிவு செய்வதற்கு முன்பே அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் ஒருவருக்கொருவர் கடன் கொடுத்து உதவிக்கொள்வது பற்றி ஆய்வு செய்கிறேன். நெறியாளர் சமூகவியல் துறை. இணை நெறியாளர் கணினியியல் துறை. ஒருவர் “நாற்பது நேர்காணல் போதாது, நானூறு வேண்டும்” என்கிறார். மற்றவர் “அந்த நாற்பதையே நீ இன்னும் சரியாகப் படிக்கவில்லை” என்கிறார். நடுவில் நான் என்ன செய்வது?

இருவரும் அவரவர் தொழிலுக்கு நியாயமாகத்தான் பேசுகிறார்கள். கடன் என்பதை ஒரு மனிதர் எப்படிப் புரிந்துகொள்கிறார், எந்தக் கடனைத் திருப்பிக் கேட்பது அவமானம், எதைக் கேட்காமல் விட்டால் உறவு கெடும் என்பதை அறிய, நாற்பது பேருடன் நீண்ட நேரம் பேசுவது போதும். சில நேரங்களில் அதுவே அதிகம். ஆனால் யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று வலைப்பின்னலாக வரையும்போது கதை வேறு. அங்கே ஒவ்வொருவரும் ஒரு கணு. ஒருவர் விடுபட்டால் அவரோடு சேர்ந்து அவர் வழியாகப் போகும் இணைப்புகள் எல்லாம் விடுபடும். கடைசியில் கிடைக்கும் படம் சிறியதாக இருப்பதோடு, தவறானதாகவும் இருக்கும். உங்கள் நெறியாளர்கள் ஒரே கேள்விக்கு இரண்டு விடை தருகிறார்கள் என்று நீங்கள் எண்ணுகிறீர்கள். உண்மையில் அவர்கள் வெவ்வேறு கேள்விகளை மனத்தில் வைத்திருக்கிறார்கள். அந்த இரண்டையும் நீங்கள் இன்னும் தாளில் பிரித்து எழுதவில்லை.

எழுதிப் பாருங்கள். ஆய்வின் மையக் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதி, அதிலிருந்து கணினியியலை எடுத்துவிட்டால் அதற்கு விடை கிடைக்குமா என்று கேளுங்கள். பிறகு சமூகவியலை எடுத்துவிட்டுக் கேளுங்கள். ஏதாவது ஒன்று இல்லாமலே விடை கிடைத்துவிடும் என்றால், அந்தத் துறைக்கு நன்றி சொல்லி விலகுவது உங்கள் ஆண்டுகளை மிச்சப்படுத்தும். துறை தாண்டிய ஆய்வு என்ற பெயரில் நான் பார்த்த ஆய்வேடுகளில் கணிசமானவை இந்தச் சோதனையில் தேறாதவை. ஒரு துறையின் ஆய்வுக்கு இன்னொரு துறையின் பெயரை அட்டையில் சேர்த்திருப்பார்கள், அவ்வளவுதான். உங்கள் பொருள் தேறும் என்றே நினைக்கிறேன். கடன் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்பதை வலைப்பின்னல் காட்டும். அது ஏன் அந்த வழியில் போகிறது என்பதை நேர்காணல் மட்டுமே சொல்லும்.

அடுத்தது, இயல்களைப் பிரிப்பது. எந்த இயலின் முறையியலுக்கு எந்த நெறியாளருடைய சொல் இறுதியானது என்பதை மூவரும் ஒப்புக்கொண்டு எழுதிவைத்துவிட வேண்டும். இதைச் செய்யாதவர்களின் வரைவு எப்படித் திரும்பி வரும் என்பதற்கு ஒரு காட்சி சொல்கிறேன். ஒரே பக்கத்தில் ஒரு நீண்ட நேர்காணல் பகுதியும், அதன் கீழே ஒரு சமன்பாடும் இருந்தன. நேர்காணலின் ஓரத்தில் பச்சை மையில் ‘இது பின்னிணைப்புக்குப் போகட்டும்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். சமன்பாட்டின் ஓரத்தில் சிவப்பு மையில் மற்றவர் எழுதியிருந்ததும் எழுத்து மாறாமல் அதே வாக்கியம்தான். இருவர் சொன்னதையும் கேட்டிருந்தால் அந்தப் பக்கத்தில் பக்க எண் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

நெறியாளர்களைத் தனித்தனியாகச் சந்தித்து, ஒருவர் சொன்னதை மற்றவரிடம் கொண்டுபோய்ச் சொல்லும் வேலையை இன்றோடு நிறுத்திவிடுங்கள். தூது போகிறவர் மீதுதான் கடைசியில் இரு பக்கத்துக் கோபமும் விழும். பருவத்துக்கு இரண்டு முறையாவது மூவரும் ஒரே அறையில் உட்காருங்கள். கூட்டம் முடிந்த அன்றே, முடிவானவற்றை ஒரு பக்கத்தில் எழுதி இருவருக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து ‘நான் அப்படிச் சொல்லவில்லையே’ என்ற பேச்சு வரும்போது அந்த ஒரு பக்கம் உங்களைக் காப்பாற்றும். பட்டம் எந்தத் துறையின் பெயரில் வழங்கப்படும், புறத் தேர்வாளர்களில் எத்தனை பேர் எந்தத் துறையிலிருந்து வருவார்கள், ஆய்வேடு ஒரு தொடர் நூலாக இருக்க வேண்டுமா, வெளியான கட்டுரைகளின் தொகுப்பாக இருக்கலாமா என்ற மூன்றையும் இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்மொழித் தேர்வில் கேட்கப்படும் கேள்விகளைத் தீர்மானிப்பவை இவைதான்.

கேள்வி: நான் கல்வியியல் ஆய்வு மாணவி. ஒரு புதிய வாசிப்புப் பயிற்சியை ஆறு பள்ளிகளில் 600 குழந்தைகளிடம் சோதித்துத் தரவு சேர்த்து முடித்துவிட்டேன். புள்ளியியல் துறையில் யாரை அணுகலாம்?

அணுக வேண்டிய நேரம் கடந்துவிட்டது என்று சொல்ல எனக்கே சங்கடமாக இருக்கிறது. 1938இல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டில் தலைமையுரை ஆற்றிய புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் இதைத்தான் சொன்னார்: சோதனை முடிந்தபின் புள்ளியியலாளரிடம் வருவது, பல நேரங்களில், பிணப் பரிசோதனை செய்யச் சொல்வதுதான்; சோதனை எதனால் இறந்தது என்று வேண்டுமானால் அவர் சொல்லக்கூடும்.

உங்கள் சோதனை இறந்துவிட்டது என்று நான் முடிவு கட்டவில்லை. ஆனால் புள்ளியியலாளர் முதலில் எதைக் கேட்பார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பயிற்சி குழந்தைக்குக் குழந்தை மாறியதா, பள்ளிக்குப் பள்ளி மாறியதா? மூன்று பள்ளிகளில் புதிய முறை, மூன்று பள்ளிகளில் பழைய முறை என்று நடத்தியிருந்தால், உங்களிடம் இருப்பது 600 தனித்தனிச் சான்றுகள் அல்ல. ஒரே பள்ளிக் குழந்தைகள் ஒரே ஆசிரியரிடம் படிப்பவர்கள். அவர்களின் மதிப்பெண்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். ஒப்புமையே இல்லை என்றால் 0, முழு ஒப்புமை என்றால் 1 என்ற அளவையில், அந்த ஒப்புமையின் அளவு 0.1 என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்கு 100 பேர் என்றால், 1 + (99 × 0.1) = 10.9 என்பது விரிவுக் காரணி, அதாவது ஒப்புமையால் தரவின் பலம் எத்தனை மடங்கு குறைகிறது என்று சொல்லும் எண். 600ஐ 10.9ஆல் வகுத்தால், ஏறத்தாழ 55 குழந்தைகளைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்துச் சோதித்ததற்குச் சமமான பலம்தான் உங்கள் தரவுக்கு இருக்கிறது. இதே 600 குழந்தைகளை முப்பது பள்ளிகளிலிருந்து இருபது இருபது பேராக எடுத்திருந்தால், விரிவுக் காரணி 2.9ஆகக் குறைந்து, பலம் 200ஐத் தாண்டியிருக்கும். அலைச்சல் கூடியிருக்கும் என்பது வேறு விஷயம். தரவு சேர்ப்பதற்கு முன்னால் புள்ளியியல் துறையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் இது தெரிந்திருக்கும்.

இப்போதும் போங்கள். போகும்போது எக்செல் கோப்பை மட்டும் அனுப்பாமல், ஒவ்வொரு நிரலுக்கும் என்ன பொருள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வெற்றாக விடப்பட்ட கட்டம், குழந்தை அன்று பள்ளிக்கு வரவில்லை என்பதற்கா, வந்தும் வாசிக்க மறுத்தது என்பதற்கா, வாசித்து ஒரு சொல்லைக்கூடச் சரியாகச் சொல்லவில்லை என்பதற்கா? இந்த மூன்றும் மூன்று வெவ்வேறு குழந்தைகள். உங்களுக்கு அது மனப்பாடமாகத் தெரியும். கோப்பைத் திறக்கும் புள்ளியியலாளருக்கு மூன்றும் ஒரே வெள்ளைக் கட்டம்தான். இன்னொன்று: அவரை உங்கள் ஆய்வேட்டின் கணக்குப்பிள்ளையாக நடத்தாதீர்கள். பகுப்பாய்வு முறையை அவர் வடிவமைக்கிறார் என்றால் அவர் உங்கள் கட்டுரையின் இணையாசிரியர்.

கேள்வி: ‘இடைத்துறை ஆய்வு’ என்பதெல்லாம் நிதி வாங்குவதற்கான அலங்காரம் என்பது என் கருத்து. உருப்படியாக எதையாவது சாதித்ததுண்டா?

அலங்காரமாகப் பயன்படுவது உண்மை. நிதி விண்ணப்பங்களைப் படித்தவர் எவரும் அதை மறுக்க மாட்டார். 1996இல் இயற்பியலாளர் ஆலன் சோக்கல், ‘சோஷியல் டெக்ஸ்ட்’ என்ற பண்பாட்டாய்வு இதழுக்கு, இயற்பியல் கலைச்சொற்களை அர்த்தமில்லாமல் அடுக்கி ஒரு கேலிக் கட்டுரையை அனுப்பினார். இதழும் அதை மெய்யான கட்டுரை என்று நம்பி வெளியிட்டது. அதை வைத்துப் பண்பாட்டாய்வையே பழிப்பவர்கள் இன்றும் உண்டு. அது அநியாயம் என்பேன். இயற்பியலைப் பற்றிய ஒரு கட்டுரையை அச்சுக்கு அனுப்புமுன் இயற்பியல் தெரிந்த ஒருவரிடம் காட்டியிருக்க வேண்டும், காட்டவில்லை. அங்கே நடந்த தவறு அதுதான். எந்தத் துறையிலிருந்து கடன் வாங்குகிறோமோ அந்தத் துறைக்காரர் ஒருவர் படித்துப் பார்த்த பிறகே வெளியிடுவது என்ற ஒரு கட்டுப்பாடு இருந்தாலே அலங்காரத்தில் பாதி உதிர்ந்துவிடும்.

சாதித்ததற்குக் கரிமக் காலக்கணிப்பைச் சொல்வேன். வேதியியலாளர் வில்லார்டு லிப்பி, உயிருள்ளவை இறந்தபின் அவற்றிலுள்ள கரிமம்-14 என்ற கதிரியக்கக் கரிமம் சீராகக் குறைந்துகொண்டே வருவதை வைத்து வயதைக் கணிக்கலாம் என்றார். அது சரிதானா என்று பார்க்க, வயது முன்பே தெரிந்த பொருள்கள் வேண்டும். அவை வேதியியல் துறையில் இல்லை. ஜோசர் முதலிய எகிப்திய மன்னர்களின் கல்லறைகளிலிருந்து எடுக்கப்பட்ட, தொல்லியலாளர்களால் காலம் நிர்ணயிக்கப்பட்ட மரத்துண்டுகளை வைத்துத்தான் லிப்பியும் ஜேம்ஸ் ஆர்னால்டும் 1949இல் தங்கள் முறையைச் சரிபார்த்தார்கள். 1960இல் லிப்பிக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. பெரும்பாலான கட்டுரைகள் கதையை இங்கே நிறுத்திவிடுகின்றன. சுவையான பகுதி இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

காற்றிலுள்ள கரிமம்-14இன் அளவு எல்லாக் காலத்திலும் ஒன்றாகவே இருந்தது என்று லிப்பியின் கணக்கு எடுத்துக்கொண்டது. அது அப்படி இல்லை என்று 1958இல் ஹெசல் டி விரீஸ் காட்டினார். அப்படியானால் ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு மாறியது என்று சொல்லும் ஒரு பதிவேடு தேவை. அந்தப் பதிவேடு எதிர்பாராத ஓர் இடத்தில் இருந்தது. ஆண்ட்ரூ எல்லிகாட் டக்ளஸ் என்ற வானியலாளர், சூரியப் புள்ளிகளின் சுழற்சி மரங்களின் வளர்ச்சியில் தெரிகிறதா என்று பார்ப்பதற்காக மர வளையங்களை எண்ணத் தொடங்கியிருந்தார். அந்த வழியில் உருவான ஆய்வகம் 1937இல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் நிறுவப்பட்டது. கலிஃபோர்னிய மலைகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழும் பிரிஸ்டில்கோன் பைன் மரங்களின் வளையங்களை அங்கிருந்தவர்கள் வரிசைப்படுத்தினார்கள். ஒவ்வொரு வளையத்துக்கும் ஆண்டு தெரியும். அதிலுள்ள கரிமத்தை அளந்து, ஹான்ஸ் சூயஸ் போன்றவர்கள் லிப்பியின் கணக்கைத் திருத்தினார்கள். திருத்திய கணக்கில், மேற்கு ஐரோப்பாவின் பெருங்கற்காலக் கல்லறைகள் சில எகிப்தியப் பிரமிடுகளைவிடப் பழமையானவை என்று தெரியவந்தது. கல் கட்டடக்கலை கிழக்கிலிருந்துதான் ஐரோப்பாவுக்குப் போனது என்று பல தலைமுறைகளாகக் கற்பிக்கப்பட்ட வரலாறு அதோடு சரிந்தது. வானியல், தாவரவியல், வேதியியல், தொல்லியல் ஆகிய நான்கும் ஒன்றையொன்று திருத்தாமல் இந்த முடிவுக்கு வந்திருக்கவே முடியாது. இவர்களில் எவரும் தம் துறையின் கண்டிப்பை மற்றவருக்காகத் தளர்த்தவில்லை என்பதையும் கவனியுங்கள்.

கேள்வி: இரண்டு துறைகள் சேர்ந்து எழுதும் கட்டுரையில் பெயர்களை எந்த வரிசையில் போடுவது? எங்கள் குழுவில் இதனால் பேச்சுவார்த்தையே நின்றுவிட்டது.

நின்றுபோனதில் வியப்பில்லை. கணிதத்திலும் பொருளியலிலும் பெயர்கள் பெரும்பாலும் அகரவரிசையில் வரும். அங்கே முதல் பெயருக்குத் தனி மதிப்பு இல்லை. ஆய்வக அறிவியல்களில் வேலையை அதிகம் செய்தவர் முதலிலும், ஆய்வகத் தலைவர் கடைசியிலும் வருவார்கள். நடுவில் வருவதற்குத்தான் மதிப்புக் குறைவு. மானுடவியல், வரலாறு போன்றவற்றில் தனியாக எழுதுவதே வழக்கமாக இருந்துவந்திருக்கிறது. துகள் இயற்பியலில் நிலைமையே வேறு. ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி 2015இல் வெளிவந்த ஒரு கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். அதன் 33 பக்கங்களில் 24 பக்கங்கள் பெயர்களும் அவர்களின் நிறுவனங்களும்தான். ஆகவே பொருளியலாளர் ஒருவர் ‘அகரவரிசைதானே’ என்று இயல்பாகச் சொல்வது, உயிரியலாளரின் காதில் ‘உன் உழைப்பை மறைக்கிறேன்’ என்று விழக்கூடும்.

செய்ய வேண்டியது இதுதான். எந்த ஆய்விதழுக்கு அனுப்பப்போகிறீர்களோ அந்தத் துறையின் வழக்கத்தைப் பின்பற்றுவது என்று வேலை தொடங்கும்போதே முடிவெடுங்கள். யார் என்ன செய்தார்கள் என்ற பங்களிப்புக் குறிப்பைக் கட்டுரையின் இறுதியில் சேருங்கள். கருத்தாக்கம், தரவுப் பராமரிப்பு, மென்பொருள், முதல் வரைவு என்று பங்களிப்பை 14 வகைகளாகப் பிரிக்கும் ‘கிரெடிட்’ என்ற பட்டியலைப் பல ஆய்விதழ்கள் ஏற்றிருக்கின்றன. அதை ஒரு தாளில் எடுத்துவைத்துக்கொண்டு குழுவாக நிரப்பிப் பார்த்தாலே பாதிச் சச்சரவு தீர்ந்துவிடும்; மீதிப் பாதி, தன் பெயருக்கு எதிரே எழுத எதுவுமில்லை என்று ஒருவர் உணர்வதால் வருவது.

பட்டியலில் பெயர் வராமலே போனவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய கிரேக்கத்தின் லீனியர் பி எழுத்தை 1952இல் படித்துக் காட்டியவர் மைக்கேல் வென்ட்ரிஸ், தொழிலால் கட்டடக் கலைஞர். கேம்பிரிட்ஜின் மொழியறிஞர் ஜான் சாட்விக் அவருடன் சேர்ந்து 1953இல் எழுதிய கட்டுரைதான் அந்தக் கண்டுபிடிப்பைத் துறையினர் ஏற்கும்படி நிலைநாட்டியது. ஆனால் அந்தச் சொற்கள் விகுதி மாறி வரும் இயல்புடையவை என்று 1940களிலேயே காட்டி, படிப்பதற்கு வழி திறந்தவர் புரூக்ளின் கல்லூரிப் பேராசிரியை ஆலிஸ் கோபர். குறிகளைத் தாள் துண்டுகளில் எழுதி, பழைய சிகரெட் அட்டைப் பெட்டிகளில் அடுக்கிவைத்து ஒப்பிட்டவர் அவர். 1950இல் அவர் இறந்துவிட்டார். வெகு காலம் அந்தக் கதை அவர் பெயர் இல்லாமலே சொல்லப்பட்டது.

கேள்வி: மொழியியலும் கணினியியலும் சேர்ந்த ஆய்வில் முனைவர் பட்டம் முடிக்கப்போகிறேன். வேலை எந்தத் துறையில் கிடைக்கும்?

நீங்கள் கேட்பதற்கு நேராகவே பதில் சொல்கிறேன்: பல்கலைக்கழக வேலை என்றால், ஏதாவது ஒரு துறை உங்களைத் தன் ஆள் என்று ஏற்க வேண்டும். இடைத்துறை ஆய்வை மேடையில் பாராட்டும் அமைப்புகளே, பணம் ஒதுக்கும்போது தயங்குகின்றன. ஆஸ்திரேலிய ஆய்வுக் குழுமத்துக்கு ஐந்து ஆண்டுகளில் வந்த 18,000க்கும் மேற்பட்ட நிதி விண்ணப்பங்களை ஆராய்ந்து 2016இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த கட்டுரை, ஒரு விண்ணப்பம் எவ்வளவு தொலைவான துறைகளை இணைக்கிறதோ அவ்வளவுக்கு அதற்கு நிதி கிடைக்கும் வாய்ப்புக் குறைகிறது என்று காட்டியது. மதிப்பீட்டாளர்கள் கெட்டவர்கள் என்பதல்ல காரணம். ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த பாதியில் குறை கண்டுபிடிக்கிறார்கள், தெரியாத பாதிக்கு மதிப்பெண் போடத் தயங்குகிறார்கள்.

எனவே உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: நாளைக் காலை ஒரு முதலாண்டு வகுப்புக்குள் அனுப்பினால் எந்தத் துறையின் அடிப்படைப் பாடத்தைத் தடுமாறாமல் நடத்துவீர்கள்? அதுதான் உங்கள் துறை. ஆய்வேட்டிலிருந்து பிரித்து எடுக்கும் கட்டுரைகளில் இரண்டையாவது அந்தத் துறையின் ஆய்விதழ்களில் வெளியிடுங்கள். பரிந்துரைக் கடிதங்களில் ஒன்றையாவது அந்தத் துறையின் மூத்தவரிடம் வாங்குங்கள். பல்கலைக்கழகத்துக்கு வெளியே இந்தச் சிக்கல் மிகக் குறைவு. மொழித் தொழில்நுட்ப நிறுவனங்களில் எந்தத் துறையின் பட்டம் என்று யாரும் துருவிக் கேட்பதில்லை. செய்து காட்டச் சொல்வார்கள்.

கேள்வி: நான் ஒரு துறைத் தலைவர். துறைகளை இணைக்க ஒரு புதிய மையம் தொடங்க வேண்டும் என்கிறது நிர்வாகம். கட்டடம் கட்டினால் ஆய்வு வந்துவிடுமா?

வராது, ஆனால் இருக்கும் இடத்துக்குச் செல்வாக்கு உண்டு. ஆய்வகங்களில் யார் யாருடன் பேசுகிறார்கள் என்று அளந்த தாமஸ் ஆலன், மேசைகளுக்கிடையே உள்ள தூரம் கூடக்கூடப் பேச்சு வேகமாகக் குறைவதையும், ஏறத்தாழ 50 மீட்டருக்கு அப்பால் அது மிகவும் சுருங்கிவிடுவதையும் 1970களிலேயே காட்டினார். அவர் பணியாற்றிய மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், போர்க்கால ரேடார் ஆய்வுக்காக 1943இல் அவசரமாக மரத்தால் எழுப்பப்பட்ட ‘கட்டடம் 20’, போர் முடிந்ததும் இடிக்கப்பட வேண்டியது. 1998 வரை நின்றது. மொழியியலாளர் நோம் சாம்ஸ்கியும் மின்னணுப் பொறியாளர்களும் ஒலியியலாளர்களும் அங்கே ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். சுவரில் ஓட்டை போட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பதே அதன் பெருமையாகச் சொல்லப்பட்டது. பளிங்கு முகப்பும் பெயர்ப்பலகையும் அதன் பெருமையில் இடம்பெறவில்லை.

மையத்துக்கான கோப்பை அனுப்புமுன், இரண்டு துறைகள் சேர்ந்து நடத்தும் ஒரு பாடத்துக்கான கற்பித்தல் நேரம் இரு ஆசிரியர்களுக்கும் முழுமையாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுமா என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். ‘ஆளுக்குப் பாதி’ என்று பதில் வந்தால், அந்தப் பாடத்தை இரண்டாம் ஆண்டு நடத்த எவரும் முன்வர மாட்டார்கள். மையத்தின் கதியும் அதுவே.

கேள்வி: பொது நலவாழ்வுத் துறையில் நாங்கள் சேகரித்த நோயாளிகள் பற்றிய தரவைக் கணினியியல் துறை நண்பர் கேட்கிறார். பெயர்களை நீக்கிவிட்டுக் கொடுக்கலாம் அல்லவா?

கூடாது. நோயாளிகள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தில் எந்த ஆய்வுக்கு, யாரெல்லாம் பார்ப்பார்கள் என்று எழுதியிருந்ததோ, ஒப்புதல் அவ்வளவுக்குத்தான். பெயரை நீக்குவது போதாது என்பதும் முன்பே நிறுவப்பட்ட செய்தி: பிறந்த தேதி, பால், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றைக் கொண்டே அமெரிக்க மக்களில் 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காண இயலும் என்று லட்டான்யா ஸ்வீனி 2000ஆம் ஆண்டு மதிப்பிட்டார். உங்கள் தரவில் இவை மூன்றும் இருக்குமானால், நண்பர் எவ்வளவு நல்லவர் என்பது இங்கே பொருட்டே அல்ல.

அறநெறிக் குழுவுக்குத் திருத்த விண்ணப்பம் அனுப்பி, நண்பரின் பெயரையும் அவருடைய ஆய்வு நோக்கத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள். கணினியியல் துறையினர் பலருக்கு அப்படியொரு குழு இருப்பதே தெரியாது; ஆகவே படிவத்தை நீங்களே எடுத்துப்போய் அவருடன் உட்கார்ந்து நிரப்புங்கள். பிறந்த தேதிக்குப் பதிலாக வயதுப் பிரிவையும், அஞ்சல் குறியீட்டுக்குப் பதிலாக மாவட்ட அளவிலான இடத்தையும் கொடுத்தால் அவருடைய ஆய்வுக்குப் போதுமா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் போதும் என்பார். குழுவின் ஒப்புதல் எழுத்தில் வரும்வரை கோப்பு உங்கள் கணினியிலேயே இருக்கட்டும். ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தால், அழிக்கச் சொல்லி இன்றே எழுதுங்கள். எழுதியதைக் குழுவுக்கும் தெரிவித்துவிடுங்கள்.